வேலுமணியின் வலது தொடையில் இருந்தது

கோயமுத்தூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டும் வேலுமணியின் வலது தொடையின் பின்பக்கத்தில், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து, பீளமேட்டு அக்ஷிதாவின் சதை இருக்கிறது. அக்ஷிதாவின் வலது தொடையில் வேலுமணியின் சதை இருக்கிறது. இரண்டு கால்களிலும் தையல் தழும்பு கிடையாது. எந்த டாக்டரும் கத்தி வைக்கவில்லை. காரமடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்கால் மணிக்கு, ஒரு மயில் ரோட்டைக் கடந்தபோது அது நடந்தது. அந்த வாரம் மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை இறங்கியிருந்தது, மலையில் நல்ல மழை.

வேலுமணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. காரமடைக்குக் கிழக்கே பிறர் தோட்டங்களுக்குத் தண்ணீர் கட்டிய குடும்பம், அப்பனோடு அந்த வேலை நின்றது. இவர் லாரியில் கிளீனராகப் போய், ஸ்டியரிங் பிடித்து, இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரூட்டில் பஸ் ஓட்டுகிறவர். போத்தனூரில் ரயில்வே லைனை ஒட்டி இரண்டு அறை வீடு. சம்சாரம் பாவாத்தாள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். பிள்ளைகள் இல்லை. உட்கார்ந்தே இருந்ததில் வேலுமணியின் தொடைகள் சுருங்கிப்போயிருந்தன. குனிந்தால் கைவிரல் முட்டிக்குக் கீழே போகாது, ஷூவை மாட்டுவதென்றால் காலைக் கட்டில்மேல் தூக்கி வைக்க வேண்டும். அதை அவர் வியாதியாக நினைத்ததில்லை. டிரைவர் உடம்பு அப்படித்தான் என்று இருந்தார்.

அக்ஷிதாவுக்கு இருபத்து நான்கு. அப்பா கோவிந்தராஜுலு கணபதியில் தண்ணீர் பம்புகளுக்கு வார்ப்படம் போடும் ஃபவுண்டரி வைத்திருக்கிறார், அம்மா வெங்கடலட்சுமி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். ஆறு வயதிலிருந்து பரதநாட்டியம். மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளியில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு எடுப்பாள். கார் ஓட்டினால் கால் மரத்துப்போகிறது என்று பஸ்ஸில்தான் போய்வந்தாள். வரப்போகும் தை மாதத்தில் ஆர்.எஸ். புரத்து மேடை ஒன்றில் ஒன்றேமுக்கால் மணி நேரம் தனியாக ஆட அவளுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்காக நாலு வருஷம் காத்திருந்தாள்.

மயில் அவசரப்படவில்லை. தோகையை இழுத்துக்கொண்டு ரோட்டின் நடுவுக்கு வந்து நின்று பஸ்ஸைப் பார்த்தது. வேலுமணி பிரேக்கை மிதித்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றிருந்த அக்ஷிதா, அப்போதுதான் வலது காலை ஒரு எட்டு முன்னால் நீட்டி வைத்திருந்தாள். பஸ் நின்றது, உடம்பு போனது, கால் வைத்த இடத்திலேயே நின்றது. ஈரத்துணியை ஓங்கி உதறினாற்போல ஒரு சத்தம் கேட்டது. கண்டக்டர் மதன்குமார் டயர் வெடித்ததென்று இறங்கிப்போய் ஆறு டயரையும் தட்டிப் பார்த்தார். ஆறும் நன்றாக இருந்தன. வேலுமணிக்குத் தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ வந்து உட்கார்ந்தது, வெயிலில் காய்ந்த வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்த சூட்டோடு உடுத்துவதுபோல. ஒரு கணம் வேறு விதமாகச் சந்தேகப்பட்டுச் சீட்டைத் தடவிப் பார்த்தார். சீட் உலர்ந்திருந்தது. திரும்பி, அடி கிடி பட்டதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். வலி ஒன்றுமில்லை, கால் மட்டும் கனமாக இருக்கிறது என்றாள் அக்ஷிதா. யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். மயில் தோட்டத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை வேலுமணி குனிந்து ஷூ மாட்டினார். மாட்டிய பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. நெற்றி முட்டியில் பட்டுக்கொண்டிருந்தது. பாவாத்தாள் கையில் டீ டம்ளரோடு நின்று பார்த்தார், என்ன கேட்பதென்று தெரியாமல் டீ ஆறுகிறது என்று மட்டும் சொன்னார். அன்று கவுண்டம்பாளையம் சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றபோது, வேலுமணியின் வலது குதிகால் தானாக எழும்பித் தரையைத் தட்டியது. எட்டு எண்ணித் தட்டியது, பிறகு பின்னாலிருந்து முன்னால் எண்ணுவதுபோல வேறு விதமாகத் தட்டியது. பச்சை விழுந்ததும் நின்றுகொண்டது. முட்டியை உள்ளே இழுத்து வைத்தாலும் அது தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. துடியலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ளிருந்து மிருதங்கம் கேட்டபோது அவருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. சந்தோஷப்பட அன்று எதுவுமே நடக்கவில்லை. அது தன்னுடையதுதானா என்று காரமடை வரும்வரை யோசித்தார், பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் பிடிபட்டது. அவருடைய பஸ் இப்போது நிற்பதே தெரியாமல் நின்றது. எந்த வேகத்தில் வந்தாலும், பூவைக் கீழே வைப்பதுபோல நிறுத்தத்தில் வந்து அமர்ந்தது. கண்டக்டர் மதன்குமார் டீ டம்ளரை இன்ஜின் மூடியின்மேல் வைத்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். மகராசனாக இருக்கணும் என்று அவர்கள் இறங்கும்போது வாழ்த்தினால், அந்த வாழ்த்தைத் தான் வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று வேலுமணிக்குக் குழப்பமாக இருந்தது. அவர் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. எப்போதும்போலத்தான் மிதித்தார்.

பீளமேட்டில் நிலைமை வேறு. அக்ஷிதா அரைமண்டியில் உட்காரும்போது இடது கால் மடங்கியது, வலது கால் பாதியில் நின்று மறுத்தது. காலை முன்னால் நீட்டிக் குதிகாலில் தட்ட வேண்டிய இடத்தில் அது நீளவே இல்லை. வகுப்பில் ஆடிக் காட்டும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் வலது பாதம் தரையில் அழுந்தி நின்றுவிட்டது. குழந்தை விலகும்வரை அவள் நகர முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் அவள் நாற்காலிக்குக் கீழே இருந்த டைல்ஸ் கல் பெயர்ந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். கிழிசல் ஏதும் இல்லை, ஆனால் படத்தில் இருப்பது ஐம்பது வயதை நெருங்கும் ஓர் ஆணின் சதை, நெடுங்காலம் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று அறிக்கை வந்தது. படம் மாறிவிட்டதென்று மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதுவே வந்தது. மூன்றாம் முறை, நோயாளியை நேரில் பார்த்து முடிவு செய்யவும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

புரட்டாசி பிறந்தபோது வேலுமணிக்கு வலி தொடங்கியது. டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் தொடைக்குப் பின்னால் கயிறு முறுக்குவதுபோல இழுத்துப் பிடித்தது. பாவாத்தாள் அவரைப் போத்தனூரில் இருக்கும் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த மெர்சிக்கு முப்பத்து மூன்று வயது, காலையில் இங்கேயும் மாலையில் பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர். குப்புறப் படுக்க வைத்துத் தொடையை அழுத்தியவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். வெளியே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி அழுத்தினார்.

“அண்ணா, இது உங்க சதை இல்லீங்க.”

“அப்ப யாருதுங்க?”

“பேரைச் சொல்லக் கூடாதுங்க. ஆனா உங்களுது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நேத்துச் சாயங்காலம் அதைத்தான் அழுத்திட்டிருந்தேன்.”

பாவாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். மெர்சி சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி விளக்கினார். தொடைக்குப் பின்னால் மூன்று சதைகள் இருக்கின்றன, ஆஸ்பத்திரியில் அதற்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். உட்காரும்போது கீழே படுகிற இடுப்பெலும்பில் தொடங்கி, முட்டியைத் தாண்டிக் கீழே வந்து கட்டியிருக்கும். முன்தொடை காலை வீசும், வீசின காலைப் பிடித்து நிறுத்துவது இதுதான். ஆடுகிறவர்கள் காலைத் தூக்குவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், தூக்கிய கால் சொன்ன இடத்தில் நிற்பதும், சத்தமில்லாமல் இறங்குவதும் இந்தச் சதை செய்கிற வேலை என்றார். வேலுமணி படத்தை நெடுநேரம் பார்த்தார். அந்தப் படத்தில் இருந்த ஆளுக்குத் தோல் இல்லை, முகமும் இல்லை. யாருடைய சதை யாருக்குப் போனாலும் அந்த ஆளுக்குக் கவலையில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மெர்சி இரண்டு பக்கமும் சம்மதம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுமணியைப் பீளமேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வேலுமணி துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாவாத்தாள் வர மறுத்துவிட்டார். அந்த ஒரு மாதமாக அவர் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு புழுங்கிக்கொண்டிருந்தார், அன்று காலை அதைச் சொல்லியும்விட்டார். “வயசுப்பொண்ணு காலு நம்மூட்டுல வந்து படுத்துக்குது. நான் எந்தப் பக்கமுங்க பாய் போடறது?”

கோவிந்தராஜுலு சோபாவில் உட்கார்ந்தபடியே, ஏம்ப்பா எந்த ஊரு என்று கேட்டார். வேலுமணி சொன்னார். அந்த ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று அடுத்த கேள்வி வந்தது. அதையும் வேலுமணி மறைக்காமல் சொன்னார். கோவிந்தராஜுலு மகளின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். காபி வந்தது. மெர்சிக்கும் வேலுமணிக்கும் பேப்பர் கப்பில், மற்றவர்களுக்கு டம்ளரில். கோவிந்தராஜுலு மனைவியிடம் தெலுங்கில் தணிந்த குரலில், இனி இந்தப் பெண் பூஜை அறைக்குள் எப்படிப் போவாள் என்று கேட்டார். வேலுமணிக்கு அது புரிந்தது. அவர் வீட்டிலும் அப்பன் காலம்வரை அந்த மொழிதான் பேசினார்கள். அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது அக்ஷிதா. “நடந்துதான் போவேன், நைனா.” அதைத் தமிழில் சொன்னாள்.

கோவிந்தராஜுலு வேலுமணியிடம் திரும்பி, ஆனது ஆயிற்று, உன்னுடையதை எடுத்துக்கொண்டு எங்களுடையதைக் கொடுத்துவிடு என்றார், குடை மாற்றி எடுத்துப்போனவரிடம் கேட்பதுபோல. வேலுமணிக்கும் அதுதான் வேண்டும். ஆனால் தான் எடுத்தோமா, தன்னிடமிருந்து எடுக்கப்பட்டதா, யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை. சரிங்க என்று சொல்லி வைத்தார்.

அதற்கு அவர்கள் எடுத்த முயற்சிகளை அந்த ரூட்டில் போகிறவர்கள் இன்றும் சொல்வார்கள். ஐப்பசியில் நாலு செவ்வாய்க்கிழமை, அதே பஸ், அதே இடம், அதே நேரம். அக்ஷிதா டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து வலது காலை முன்னால் நீட்டி நிற்பாள். கோவிந்தராஜுலு முதல் சீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மதன்குமார் பயணிகளிடம், எல்லாரும் கெட்டியாகப் புடிச்சுக்குங்க என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். வேலுமணி ஓங்கி மிதிப்பார். பஸ் பூவைப்போல நிற்கும். அக்ஷிதாவின் சதை அவர் காலில் இருக்கும்வரை அந்த பஸ்ஸைக் குலுக்கி நிறுத்த அவரால் ஆகவில்லை. மயில் இல்லாததுதான் குறை என்றார்கள். மயிலைப் பிடித்துவருவது குற்றம் என்பதால், தோட்டக்காரரைக் கேட்டு ரோட்டோரமாகக் கம்பு தூவினார்கள். பதினெட்டு மயில்கள் வந்தன. கம்பைத் தின்றுவிட்டு வரப்பில் வரிசையாக நின்று பஸ்ஸைப் பார்த்தன. ஒன்றுகூட ரோட்டுக்கு வரவில்லை. கேரளத்திலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்துத் தடவிப் பார்த்தார்கள். அறுத்து மாற்ற முடியுமா என்று ஒரு பெரிய டாக்டரைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் நன்றாக வேலை செய்கிற சதையை எந்தக் காரணம் எழுதி அறுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கார்த்திகையில் வேலுமணியின் வலி பகலிலும் வந்தது. அக்ஷிதாவின் தொடை கல்லாக இறுகியது. மெர்சி இரண்டு பேரையும் உட்கார வைத்து, இனிமேல் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். பழகின வேலை கிடைக்காமல்தான் சதை முரண்டு பிடிக்கிறது. வேலுமணியின் காலில் இருப்பது ஆட வேண்டும், அக்ஷிதாவின் காலில் இருப்பது பிரேக் மிதிக்க வேண்டும். அவரவர் காலில் இருப்பதற்கு அதது பழகியதைக் கொடுங்கள் என்றார்.

இப்படித்தான் மார்கழி முதல் தேதியிலிருந்து காலை ஆறு மணிக்கு, பீளமேட்டு வீட்டு மாடியில் அக்ஷிதா நடத்தும் வகுப்பில், எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் காக்கி பேன்ட்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு வேலுமணி நின்றார். அவருடைய கைகளுக்கும் இடது காலுக்கும் ஒன்றும் தெரியாது. வலது கால் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் போனது. இடது கால் தடுமாறி, வலது கால் திருத்தி, நடுவில் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தார்கள், அப்புறம் அவருடைய வலது காலைப் பார்த்துத் தங்கள் காலைச் சரிசெய்துகொண்டார்கள். ஏழரைக்கு இருவரும் கிளம்புவார்கள். அக்ஷிதா டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியை ஒட்டின ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து, மேட்டுப்பாளையம்வரை அவரோடு சேர்ந்து தரையை மிதிப்பாள். மதன்குமார் அங்கே ஒரு பழைய பெடலைத் திருகி வைத்துக் கொடுத்தார். அது எதோடும் இணைக்கப்படவில்லை. ஆனால் சில நாள் அவள் மிதித்துத்தான் பஸ் நின்றதா என்று வேலுமணிக்குச் சந்தேகமாக இருக்கும்.

ஊர் பேசாமல் இருக்குமா? பஸ் ஸ்டாண்டில் பேசினார்கள், பீளமேட்டில் பேசினார்கள், சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டே பாவாத்தாளிடம் வந்தும் பேசினார்கள். ஒரு சனிக்கிழமை பாவாத்தாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி, விசாரித்து, அந்த மாடிப்படியில் ஏறினார். கதவோரம் நின்று பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேலாகத் தான் துவைத்துப் போடும் காக்கி பேன்ட்டுக்குள்ளிருந்து ஒரு கால் புறப்பட்டுப்போய், காற்றில் நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியதைப் பார்த்தார். அந்தக் காலுக்குச் சொந்தக்காரி முன்னால் நின்று, தட்டுக்கழியால் தாளம் தட்டிக்கொண்டே, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டணத்துக்குப் படிக்கப்போன பிள்ளையைத் தாய் பார்ப்பதுபோல அந்தப் பெண்ணின் முகம் இருந்தது. பாவாத்தாள் சண்டை போடத்தான் வந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் அக்ஷிதாவிடம் போய், வந்த வார்த்தையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

“இவிய காலு உங்களுக்கு ரொம்பப் பாரமா இருக்குதுங்களா, அம்மிணி?”

அக்ஷிதா தட்டுக்கழியைக் கீழே வைத்தாள். “பாரந்தானுங்க. ஆனா என்னை உழ விடமாட்டேங்குது அக்கா. இத்தனை வருசத்துல நான் எத்தனையோ தடவை உழுந்திருக்கேன். இது வந்தப்புறம் ஒருக்கா கூட உழல.”

பாவாத்தாள் தலையை ஆட்டினார். கீழே இறங்கும்போது புருஷனிடம், இடது காலையும் கொஞ்சம் கத்துக்குங்க, பார்க்க அசிங்கமா இருக்குது என்றார். அன்றிலிருந்து எந்தப் பக்கம் பாய் போடுவது என்ற கேள்வி அந்த வீட்டில் எழவில்லை.

தை மாதம் பதினெட்டாம் தேதி மாலை ஆறரைக்கு அக்ஷிதா மேடையேறினாள். அரங்கம் நிறைந்திருந்தது. சபாக்காரர்கள், ஃபவுண்டரி ஆட்கள், பிள்ளைகளின் பெற்றோர், மூன்றாம் வரிசையில் கோவிந்தராஜுலு, வெங்கடலட்சுமி, மெர்சி. மெர்சி பிடிவாதமாகக் கூப்பிட்டதால் வேலுமணியும் பாவாத்தாளும் வந்திருந்தார்கள். டிக்கெட்டில் இருந்த எண்படி வேலுமணியின் இடம் கோவிந்தராஜுலுவுக்குப் பக்கத்தில் வந்தது. இருவரும் நேராக மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

முதல் அரை மணி நேரம் தெரிந்தவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. வலது கால் போதுமான உயரம் போகவில்லை. நீள வேண்டிய இடத்தில் குறுகியது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். வேலுமணி, தன்னுடைய சதை அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணை அவமானப்படுத்துகிறதென்று நினைத்தார், எழுந்து நின்று கைகூப்பலாமா என்றுகூட நினைத்தார். அவருடைய தொடையில் இருந்ததோ ஒவ்வொரு ஜதிக்கும் துடித்தது. எதற்காக வருத்தப்படுவது, எதற்காகத் துள்ளுவது என்று தெரியாமல் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நீளமான ஜதி வந்தது. மிருதங்கம் வேகம் பிடித்தது. அக்ஷிதா மேடையின் பின்மூலையிலிருந்து குறுக்காக, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னேறி, இறக்கத்தில் வண்டி வருவதுபோல வந்தாள். மேடை விளிம்புக்கு அரையடி இருக்கும்போது தாளம் முடிந்தது. வலது கால் அழுந்தியது. அவள் நின்றாள். ஒரு நாட்டியக்காரி நிற்பது வேறு, அவள் அன்று நின்றது வேறு. சலங்கையில் ஒரு மணிகூட அசையவில்லை. அரங்கத்தில் இருந்த நானூற்றுச் சொச்சம் பேரும் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து, முன்வரிசையின் முதுகைப் பிடித்து, மறுபடி பின்னால் வந்து விழுந்தார்கள். மூக்குக் கண்ணாடிகள் கழன்றன. முதல் வரிசையில் ஒருவரின் சால்வை மேடையில் போய் விழுந்தது. எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்த இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டார். கோவிந்தராஜுலுவின் கைக்கு முன்வரிசை எட்டவில்லை, வேலுமணியின் முழங்கையைப் பிடித்தார். பிறகு எழுந்த கைதட்டலை இரண்டு தெரு தள்ளிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கோவிந்தராஜுலு பிடித்த கையை எடுக்க மறந்துபோனார். எடுத்தபோது, “நல்லா நிக்குதுங்க,” என்றார். வேலுமணியைப் பார்த்து அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எது நல்லா நிற்கிறது என்று வேலுமணி கேட்கவில்லை.

அதன் பிறகு வருஷங்கள் வேகமாக ஓடின. அக்ஷிதா நிற்பதைப் பார்ப்பதற்கென்றே சென்னையிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்கு அவள் முதலில் நிற்கத்தான் கற்றுக்கொடுக்கிறாள். வேலுமணியின் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது உடம்பைச் சோதித்த டாக்டர், வலது கால் மட்டும் இருபத்தாறு வயது என்று சொல்லிவிட்டு, படிவத்தில் அதற்கு இடம் இல்லாததால் தகுதி உண்டு என்று எழுதினார். அவருடைய இடது காலும் இப்போது சுமாராக ஆடுகிறது.

ஒரு விஷயம் மட்டும் வெங்கடலட்சுமியை அரித்தது. மகள் பிறந்த பதினோராம் நாளிலிருந்து அந்தத் தொடைக்கு அவர் எண்ணெய் தேய்த்துவந்தார். இப்போது எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தால், இடது தொடை அவர் வளர்த்தது, வலது தொடை யாரோ வளர்த்தது. தான் வளர்த்தது போத்தனூரில் எண்ணெய் காணாமல் கிடக்கிறதே என்று புலம்பினார். கடைசியில் போன வருஷம் நல்லெண்ணெயைக் காய்ச்சித் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு, புருஷனையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போத்தனூருக்குப் போனார். கிழமையில் ஒரு சிக்கல் வந்தது. ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்றால், இந்தக் காலுக்கு எது? பேசிப் பார்த்து முடிவுக்கு வராமல், லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையே போதும் என்று விட்டார்கள்.

வேற்று ஆண்பிள்ளையின் தொடையை வெங்கடலட்சுமி தொட முடியாது. ஆகவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பாவாத்தாள் தேய்த்தார். கீழிருந்து மேலே போகணும், முட்டிக்குப் பின்னால் அழுத்தக் கூடாது, மேலே வந்தால் உள்ளங்கையை அகலமாக வைக்கணும். பாவாத்தாள் அப்படியே செய்தார். வேலுமணி குப்புறப் படுத்து வெட்கத்தில் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் தொடை அந்தக் குரலைக் கேட்டதும் இளகித் தூங்கிப்போனது. வெங்கடலட்சுமி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அக்ஷிதா பாயில் படுத்தாள். பாவாத்தாள் எண்ணெயைத் தொட்டு அவளுடைய வலது தொடையில் கை வைத்தார். முட்டிக்கு நாலு விரல் மேலே, வெளிப்பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு கைக்கு அகப்பட்டது. கல்யாணமான வருஷத்திலிருந்து வாராவாரம் அவர் அழுத்திக் கரைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்கும் முடிச்சு. மூன்று வருஷமாகக் கையில் தட்டுப்படாமல் போன முடிச்சு. பாவாத்தாள் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார்.

“இங்கதான் இருக்கறயா?” என்று அதனிடம் கேட்டுவிட்டு, அழுத்தத் தொடங்கினார்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு போத்தனூரிலும் ஒரு ஞாயிறு பீளமேட்டிலும் எண்ணெய்க் குளியல் நடக்கிறது. எண்ணெய் தேய்த்த நாளில் பகல் தூக்கம் ஆகாது என்பதால், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சுக்கு நடுவே யாருக்காவது தொடை இழுத்துப் பிடிக்கும். அது யாருடைய வலி என்று கேட்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள், கை எட்டுகிறவர் பிடித்துவிடுகிறார். போன மாதம் வேலுமணிக்கு இழுத்தபோது பாவாத்தாள் அடுப்படியில் இருந்தார். கோவிந்தராஜுலு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குனிந்து, பிடித்துவிட்டார்.